லிக்விடிட்டி அறிஞர்களுக்கு ஒரு வாழ்த்துமடல்

நிதிச் சந்தை ஆராய்ச்சி என்னும் வானில் நுண்ணொடியும் ஓயாமல் மின்னும் பேராசிரியப் பெருந்தகைகளே! ஸ்ப்ரெட்டை அளந்த செம்மல்களே! ரிக்ரஷன் கண்ட வேங்கைகளே! வாராந்திர ஆப்ஷனில் பணத்தை விட்டவர்கள் சார்பில் இந்த வாழ்த்துமடலை உங்கள் பொற்பாதங்களில் வாசித்தளிக்கிறோம். பொன்னாடை போர்த்தவும் ஆசைதான். எங்கள் கணக்கில் மிஞ்சியிருப்பதற்கு ஈரிழைத் துண்டுகூடத் தேறாது என்றார் கடைக்காரர். எனவே வெறும் தாளோடு வந்திருக்கிறோம். பொறுத்தருள்க.

சந்தையில் மனிதர்களை எழுப்பிவிட்டு எந்திரங்கள் உட்கார்ந்தபோது உலகமே கொஞ்சம் கலங்கியது. நீங்கள் கலங்கவில்லை. தரவை இறக்கினீர்கள், கணக்குப் போட்டீர்கள், அபயம் அளித்தீர்கள். 2011இல் ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ் இதழில் ஹெண்டர்ஷாட், ஜோன்ஸ், மென்க்வெல்ட் மூவரும் எழுதிய கட்டுரை உங்கள் துறையின் பிள்ளையார் சுழி. நியூயார்க் பங்குச் சந்தை 2003இல் விலைக்கூறலைத் தானியங்கியாக்கியதை வைத்து அவர்கள் காட்டியது இது: அல்கோ எனப்படும் கணினி நிரல் வர்த்தகம் பெருகப் பெருக, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள ஸ்ப்ரெட் சுருங்கியது. ஆகவே லிக்விடிட்டி, அதாவது நினைத்தபோது எளிதாக வாங்கவும் விற்கவும் முடிகிற வசதி, கூடியது. ஆகவே எல்லோருக்கும் நன்மை. அந்த இரண்டு 'ஆகவே'க்களுக்கு நடுவில்தான் நாங்கள் விழுந்து கிடக்கிறோம்.

அந்த மூவரைக் குறை சொல்வது பாவம். பெரிய பங்குகளில்தான் இந்தப் பலன் தெளிவாகத் தெரிகிறது, ஆராய்ந்த காலத்தில் சந்தை பெரும்பாலும் ஏறுமுகமாக இருந்தது, கொந்தளிப்பிலும் இது நிலைக்குமா என்பது விடை தெரியாத கேள்வி என்று அவர்களே எழுதிவைத்தார்கள். ஆனால் கட்டுரை நிறுவனத் தரகர்களின் கைப்பையில் ஏறி வாஷிங்டன் போய்ச் சேருவதற்குள் அந்த வரிகள் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. 'அல்கோ நல்லது, அறிஞர்களே சொல்லிவிட்டார்கள்' என்ற ஒற்றை வரி மட்டும் பத்திரமாகப் போய் இறங்கியது.

இன்னொன்றையும் கேட்கத் தோன்றுகிறது. அமெரிக்கச் சந்தைகள் 2001வரை பங்கு விலையைப் பதினாறில் ஒரு டாலர் கணக்கில்தான் கூறிவந்தன. அந்த ஆண்டு அதை ஒரு சென்டாக மாற்றினார்கள். விலையின் மிகச் சிறிய படியே ஆறேகால் சென்டிலிருந்து ஒரு சென்டாக இறங்கியது, அதுவும் கட்டுப்பாட்டு ஆணையத்தின் உத்தரவால். பிறகு ஸ்ப்ரெட் சுருங்காமல் என்ன செய்யும்? ஆனாலும் தொழில்காரர்கள் மேடையேறி, அந்தக் காலத்து ஸ்ப்ரெட்டையும் இந்தக் காலத்து ஸ்ப்ரெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும்போது மாலை விழுவது எந்திரத்தின் கழுத்தில்தான். உங்களில் எத்தனை பேர் எழுந்து நின்று "அது உங்கள் சாதனை இல்லையே ஐயா" என்றீர்கள்?

2010 மே 6ஆம் தேதி உங்கள் லிக்விடிட்டிக்குத் தேர்வு வைத்தார்கள். பிற்பகல் 2.45 வாக்கில் டவ் ஜோன்ஸ் குறியீடு நிமிடக் கணக்கில் சரிந்தது. அன்றைய வீழ்ச்சி ஏறக்குறைய ஆயிரம் புள்ளிவரை போனது. அக்சென்சர் பங்கு ஒரு சென்டுக்குக் கைமாறியது. அமெரிக்காவின் இரண்டு ஒழுங்குமுறை ஆணையங்களும் சேர்ந்து செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 2 மணி 45 நிமிடம் 13ஆம் விநாடியிலிருந்து 27ஆம் விநாடிவரை உயர்வேக வர்த்தகர்கள் கைமாற்றிய எஸ் அண்ட் பி ஃபியூச்சர் ஒப்பந்தங்கள் 27,000க்கும் மேல். அந்த நேரத்து மொத்த வியாபாரத்தில் 49 சதவீதம். அதில் அவர்கள் நிகரமாக வாங்கியது சுமார் 200 ஒப்பந்தம். மற்றதெல்லாம் எனக்கு வேண்டாம், நீ வைத்துக்கொள் என்று தங்களுக்குள்ளேயே தூக்கிப் போட்டுக்கொண்டது. வாங்க ஆள் இல்லாத சந்தையில் இத்தனை வால்யூம்! உங்கள் அட்டவணையில் இதுவும் 'வர்த்தக அளவு' என்ற பத்தியில்தான் ஏறும்.

பிறகு ஆய்வு வந்தது. உயர்வேக வர்த்தகர்கள் அந்தச் சரிவைத் தொடங்கி வைக்கவில்லை என்றது. மெய்தான். தொடங்கியதும் சிலர் எந்திரத்தை நிறுத்திவிட்டு ஒதுங்கினார்கள், சிலர் விற்கிறவர்களோடு சேர்ந்து விற்றார்கள், அவ்வளவுதான். ஆண்டு முழுவதும் லிக்விடிட்டி தருகிறோம் என்று சொல்லிக் காசு பார்த்தவர்களுக்கு, லிக்விடிட்டி தேவைப்படும் அன்று விடுமுறை. கடைசியில் கையில் விலங்கு ஏறியது யாருக்கு? லண்டன் ஹவுன்ஸ்லோவில் பெற்றோர் வீட்டிலிருந்தபடி வியாபாரம் செய்த நவிந்தர் சிங் சராவுக்கு. அவர் போலி ஆர்டர்கள் போட்டது குற்றம், அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் உலகத்திலேயே ஆழமானது என்று நீங்கள் சான்றிதழ் கொடுத்த சந்தையை ஒருவர் வீட்டு அறையிலிருந்து அசைக்க முடிந்தது என்றால் அந்தச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு? அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இன்றுவரை எங்களுக்குத் தகவல் இல்லை.

உங்கள் சபையிலேயே சில கோடாலிக் காம்புகள் உண்டு. அவர்களையும் வாழ்த்தாமல் விட மனம் வரவில்லை.

எரிக் பூடிஷ், பீட்டர் கிராம்டன், ஜான் ஷிம் மூவரும் 2015இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அது சொல்வதைக் கோயம்பேட்டுக்குக் கொண்டுவந்தால் இப்படி இருக்கும். கடைக்காரர் தக்காளி விலையைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார். கோலாரில் விலை ஏறிவிட்டது என்ற செய்தி ஒரே நேரத்தில் எல்லோருக்கும் வருகிறது. அவர் பலகையை அழித்து எழுதக் கை தூக்குவதற்குள், வாசலிலேயே படுத்துக் கிடக்கும் ஓட்டக்காரன் ஒருவன் பழைய விலைக்கு மொத்தத்தையும் அள்ளிவிடுகிறான். அவன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்ததை அரை நொடி முன்னால் வைத்துக்கொண்டான். நான்கு நாள் இப்படிப் பறிகொடுத்த கடைக்காரர், ஓட்டக்காரனுக்கு என்று ஒரு தொகையைச் சேர்த்தே இனி எல்லோருக்கும் விலை சொல்கிறார். ரசத்துக்குக் கால் கிலோ வாங்க வந்த அம்மாளும் அதைக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்.

சிகாகோவில் எஸ் அண்ட் பி ஃபியூச்சர், நியூயார்க்கில் அதே குறியீட்டின் இடிஎஃப். இரண்டுக்கும் நடுவே விலை பிசகும்போது கிடைக்கும் வாய்ப்பு 2005இல் சுமார் 97 மில்லிவிநாடி நீடித்தது. 2011இல் 7 மில்லிவிநாடி. வேகம் கூடியதால் போட்டி அந்த லாபத்தைக் கரைத்திருக்கும் என்றுதானே பாடப் புத்தகம் சொல்லும்? ஒரு வாய்ப்புக்கான லாபம் கரையவில்லை. யார் முதலில் பிடிப்பது என்ற ஓட்டம் மட்டும் சூடு பிடித்தது. அந்த ஓட்டத்துக்காகத்தான் 2010இல் ஸ்பிரெட் நெட்வொர்க்ஸ் என்ற நிறுவனம் சிகாகோவிலிருந்து நியூ ஜெர்சிவரை 827 மைலுக்கு மலையைக் குடைந்து ஒளியிழைக் கம்பி இழுத்தது. செலவு 30 கோடி டாலர். மிச்சம் பிடித்தது சில மில்லிவிநாடி. அடுத்த சில ஆண்டுகளில் மைக்ரோவேவ் கோபுரங்கள் வந்து அந்தக் கம்பியையும் பழங்கதை ஆக்கின. ஒரு மூட்டை அரிசிகூட அதனால் விளையவில்லை, ஒரு தொழிற்சாலைக்குக்கூடக் கூடுதல் முதல் கிடைக்கவில்லை. உங்கள் பாஷையில் இதற்குப் பெயர் 'சந்தையின் தரம் உயர்வு'.

பூடிஷ் பிறகு மாட்டியோ அக்விலினா, பீட்டர் ஓநீல் ஆகியோரோடு சேர்ந்து லண்டன் சந்தையைக் கையில் எடுத்தார். 2022இல் வந்த அந்தக் கட்டுரைப்படி, எஃப்டிஎஸ்இ 100 பங்கு ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு ஓட்டப்பந்தயம் நடக்கிறது. மிக அடிக்கடி காணப்படும் பந்தயம் நொடியின் பத்து லட்சத்தில் ஐந்து முதல் பத்து பங்குக்குள் முடிந்துவிடுகிறது. மொத்த வர்த்தகத்தில் ஐந்தில் ஒரு பங்கு இதில் அடக்கம். ஓடுகிறவர்களில் முதல் ஆறு நிறுவனங்கள் மட்டும் எண்பது சதவீதத்துக்கு மேல். உலகப் பங்குச் சந்தைகளில் இந்த வகையில் போகும் பணம் ஆண்டுக்கு 500 கோடி டாலர் வாக்கில் இருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு.

இதில் எங்களுக்கு வியப்பு ஒன்றுதான். இவ்வளவையும் அவர்களால் அளக்க முடிந்தது எப்படி? தோற்ற ஆர்டர்களின் செய்திப் பதிவுகளையும் வாங்கிப் பார்த்தார்கள். வென்றவன் ஆர்டர் மட்டும்தான் சாதாரணத் தரவில் இருக்கும், தோற்றவன் சுவடே இருக்காது. பிரிட்டனின் கட்டுப்பாட்டு ஆணையம் கேட்டதால் சந்தை கொடுத்தது. அதற்கு முன் பத்தாண்டுக்கு மேலாக நீங்கள் எழுதிக் குவித்த கட்டுரைகளில் பல, சந்தைகள் விருப்பப்பட்டுத் தந்த தரவில் எழுதியவை. ஓட்டக்காரனுக்கு வாசலில் படுக்க வாடகைக்கு இடம் விடுகிறவர் எவரோ, அவரேதான் உங்களுக்குத் தரவு தருகிறவரும். வாடகை உயர்ந்தால் அவருக்கு லாபம். அவர் தரும் தரவில் எந்தக் கேள்விக்கு விடை இருக்கும், எதற்கு இருக்காது என்று கண்டுபிடிக்க முனைவர் பட்டம் வேண்டுமா?

கேட்கக்கூடாததைக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. அமெரிக்காவின் சரக்கு ஃபியூச்சர் வணிக ஆணையமான சிஎஃப்டிசியின் தலைமைப் பொருளாதார நிபுணராக ஆந்திரெய் கிரிலென்கோ இருந்தபோது, அவரும் இணை ஆய்வாளர்களும் உயர்வேக வர்த்தகர்களின் லாபம் யாரிடமிருந்து வருகிறது என்று கணக்கெடுத்தார்கள். பெரிய நிறுவனங்களோடு மோதும்போது ஒப்பந்தத்துக்குச் சராசரி 1.92 டாலர், சிறு முதலீட்டாளரோடு மோதும்போது 3.49 டாலர் என்று வந்தது. 2012 டிசம்பர் தொடக்கத்தில் அது நாளிதழில் வெளியானது. இரகசியத் தரவு ஆய்வுக் கட்டுரைகளில் வெளியாகிறது என்று சிகாகோ சந்தையின் வழக்கறிஞர்கள் ஆட்சேபம் எழுப்ப, அதே மாதம் ஆணையத்தில் வெளி ஆய்வாளர்களின் பணி நிறுத்திவைக்கப்பட்டது. இளைய ஆராய்ச்சி மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டு நெறிமுறை யார் எழுதித் தர முடியும்?

சரி, மும்பைக்கு வருவோம். எங்கள் பணம் போன ஊர் அதுதானே.

தேசியப் பங்குச் சந்தை 2010இல் கோ-லொகேஷன் கொண்டுவந்தது. சந்தையின் கணினிக்குப் பக்கத்திலேயே புரோக்கர் தன் கணினியை வாடகைக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போது விலைத் தரவு எல்லோருக்கும் ஒரே கணத்தில் போகவில்லை. முதலில் இணைந்தவருக்கு முதலில், அடுத்தவருக்கு அடுத்து என்று வரிசையாகப் போனது. காலையில் யார் முதலில் சர்வரைத் தொட்டார்களோ அவர்களுக்கு அன்றைய ராஜயோகம். இதே ஆண்டுகளின் தரவை வைத்துத்தான் இந்தியாவிலும் அல்கோவால் லிக்விடிட்டி கூடியது, ஏற்ற இறக்கம் குறைந்தது என்று ஆய்வுகள் வந்தன. தேசியப் பங்குச் சந்தை நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் பள்ளியோடு சேர்ந்து இந்திய மூலதனச் சந்தை ஆய்வுக்கென்றே ஒரு திட்டம் நடத்தியது. அதில் எழுதியவர்கள் விலைபோனார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை, அப்படி நினைக்கவும் இல்லை. வரிசையில் யார் முன்னால் நிற்கிறார் என்ற கேள்வியை ஸ்ப்ரெட் கட்டுரைகள் கேட்கவே இல்லை என்றுதான் சொல்கிறோம். கேட்டது, இந்தியப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபிக்குப் பெயர் போடாமல் எழுதப்பட்ட ஒரு கடிதம். அதை 2015இல் வெளியிட்ட மணிலைஃப் இதழ் மீது சந்தை 100 கோடி ரூபாய் மானநஷ்ட வழக்குப் போட்டது. பம்பாய் உயர் நீதிமன்றம் சந்தையின் கோரிக்கையைத் தள்ளி, 50 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். 2019இல் செபி, 624.89 கோடியை வட்டியோடு திருப்பிக் கட்டு என்றது. 2023இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்து, கவனக்குறைவுக்காக 100 கோடி போதும் என்றது. 2024 செப்டம்பரில், கூட்டுச் சதிக்கு ஆதாரம் இல்லை என்று செபியே மூடிவிட்டது. இடையில் அந்தச் சந்தையின் முன்னாள் தலைமை நிர்வாகி, உள் இரகசியங்களை இமயமலையில் திரியும் ஒரு யோகியிடம் மின்னஞ்சலில் பகிர்ந்துகொண்டதாக செபி 2022இல் உத்தரவே எழுதியது. சித்த புருஷருக்கு அவுட்லுக் கணக்கு. நல்லவேளை, அவர் கோ-லொகேஷனில் ரேக் கேட்கவில்லை.

பூடிஷ் சொன்ன மருந்து மிக எளியது. நொடிக்குச் சில முறை சிறு சிறு ஏலமாக நடத்து, ஒரே கணத்தில் வந்தவர்களுக்குள் வேகத்தைப் பார்க்காதே, விலையைப் பார். செபியும் 2016 ஆகஸ்டில் ஓர் ஆலோசனை அறிக்கையில் இந்த ஏலத்தையும், வேகத்தடையையும், ஆர்டருக்குக் குறைந்தபட்ச ஆயுளையும் பட்டியல் போட்டுக் கருத்துக் கேட்டது. லிக்விடிட்டி போய்விடும் என்ற கூக்குரல் எழுந்தது. 2018 ஏப்ரலில் வந்த சுற்றறிக்கையில் ஏலமும் இல்லை, வேகத்தடையும் இல்லை. சிறிய புரோக்கர்கள் பகிர்வு முறையில் கோ-லொகேஷனில் இடம் பிடிக்கலாம் என்ற சலுகை இருந்தது. ஓட்டக்காரனைத் தடுக்கச் சொன்னால், வாசலில் இன்னும் நாலு பேருக்குப் பாய் விரித்தார்கள்.

இப்போது எங்கள் கணக்கு. இது செபியின் எழுத்து, எங்கள் புலம்பல் அல்ல. 2021–22 முதல் 2023–24 வரை மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில், அதாவது ஃபியூச்சர், ஆப்ஷன் வர்த்தகத்தில், இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அடுத்த ஆண்டான 2024–25இல் மட்டும் 1,05,603 கோடி. 2023–24இல் நாங்கள் செலவைச் சேர்க்காமல் விட்டது 61,000 கோடி. அதே ஆண்டு புரோக்கர்களின் சொந்தக் கணக்கு வர்த்தகர்கள் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் 28,000 கோடியும் லாபம் பார்த்தார்கள். கூட்டிப் பாருங்கள், கால்குலேட்டர் வேண்டாம். அந்த லாபத்தில் 96, 97 சதவீதம் அல்கோ வழியாக வந்தது. அந்த ஆண்டு களத்தில் இறங்கிய தனிநபர்களில் முக்கால்வாசிக்கு மேல் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்குள் என்று கணக்குக் காட்டியவர்கள். பத்தில் நான்கு பேருக்கு மேல் முப்பது வயது நிரம்பாதவர்கள்.

பேராசை பிடித்து வந்தீர்கள், வேகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். பேராசைக்கு வாரத்தில் அஞ்சு நாளும் ஏதாவது ஒரு குறியீட்டில் எக்ஸ்பயரி வைத்துக் கொடுத்தது யார்? ஒப்பந்த எண்ணிக்கையில் உலகத்தில் முதலிடம் என்று அந்தச் சந்தையைக் கொண்டாடியது யார்? எங்கள் பக்கத்து ஆர்டரை விரலால் தட்டுகிறவன் ஒரு பையன், எதிர்ப்பக்கம் சர்வர் ரேக். இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஸ்ப்ரெட் ஐந்து பைசா என்று அளந்து, சந்தை நலமாக இருக்கிறது என்று எழுதினீர்களே, அதைத்தான் கேட்கிறோம். ஐந்து பைசா மலிவாக வாங்கியவன் ஆண்டு முடிவில் இரண்டு லட்சத்தை விட்டான் என்றால் அந்த ஐந்து பைசா யாருக்கு மிச்சம்?

2024 ஜனவரி 17ஐ எடுத்துக்கொள்ளுங்கள். செபியின் குற்றச்சாட்டுப்படி, ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனம் காலையில் 4,370 கோடிக்கு, வங்கிக் குறியீடான பேங்க் நிஃப்டியின் பங்குகளையும் ஃபியூச்சரையும் வாங்கிக் குறியீட்டைத் தூக்கி நிறுத்தியது. கூடவே ஆப்ஷனில் அதைப்போல ஏழு மடங்குக்கு எதிர்நிலை எடுத்தது. பிற்பகலில் வாங்கியதை எல்லாம் விற்றது. பங்கிலும் ஃபியூச்சரிலும் 61 கோடி நஷ்டம், ஆப்ஷனில் 734 கோடி லாபம். அன்றைக்குப் பேங்க் நிஃப்டி ஆப்ஷனின் வர்த்தக அளவு அதன் அடிப்படைப் பங்குகளின் வர்த்தகத்தைப்போல 353 மடங்கு. லிக்விடிட்டிக்குக் குறையே இல்லை! 2023 ஜனவரி முதல் 2025 மார்ச் வரை இங்கே அந்த நிறுவனம் பார்த்த மொத்த லாபம் 36,502 கோடி என்கிறது 2025 ஜூலை உத்தரவு. நிறுவனம் மறுக்கிறது. சாதாரண ஆர்பிட்ராஜ்தான் என்கிறது. 4,843 கோடியைத் தனிக் கணக்கில் கட்டிவிட்டு மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது. தீர்ப்பு வரட்டும்.

ஆனால் இந்தப் பெரும் பணம் இந்திய ஆப்ஷனில்தான் குவிகிறது என்று உலகத்துக்குத் தெரிந்த கதையைக் கேளுங்கள். 2024இல் அந்த நிறுவனம் தன்னிடமிருந்து விலகிப் போன இரண்டு பேர் மீது, எங்கள் இரகசிய உத்தியைத் திருடிவிட்டார்கள் என்று நியூயார்க்கில் வழக்குப் போட்டது. நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் வாய் தவறி 'இந்தியா' என்று சொல்லிவிட்டார். திருடு போனது எது என்று சண்டை போட்டபோது எங்கள் ஊர் பெயர் வெளியே வந்தது. இத்தனை இதழ்கள், இத்தனை மாநாடுகள், இத்தனை லிக்விடிட்டி குறியீடுகள், ஒன்றும் சொல்லாததை ஒரு நாக்குப் பிசகு சொல்லிவிட்டது.

வாழ்த்துமடல் என்றால் கடைசியில் ஒரு வேண்டுகோள் வைப்பது மரபு. உங்கள் அடுத்த கட்டுரையில் ஸ்ப்ரெட் எத்தனை பைசா சுருங்கியது என்ற பத்திக்குப் பக்கத்தில், அதே நாளில் அதே ஒப்பந்தத்தில் தனிநபர்கள் எவ்வளவு விட்டார்கள், அதை யார் எடுத்தார்கள் என்று இன்னொரு பத்தி போடுங்கள். அதற்கான தரவு செபியிடம் இருக்கிறது. சந்தையிடம் போய்க் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. செபி தர மறுத்தால் மறுத்தது என்பதையே கட்டுரையின் முதல் வரியாக எழுதுங்கள். அந்த இரண்டாவது பத்தி இல்லாமல் 'லிக்விடிட்டி கூடியது' என்று இனி ஒரு வாக்கியமும் எழுதாதீர்கள்.